படத்தின் ஒளியும் திரையின் ஒளியும்

கொழும்பு மாநகரிலே நிழற்படம் எடுப்போருக்கு வெயிலுக்கும் குறைவில்லை, நிழலுக்கும் குறைவில்லை. இவ்விரண்டும் ஒரே படத்தில் வந்து சேரும்போதுதான் தொல்லை பிறக்கின்றது. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லில் திருப்பணி செய்வித்த பொன்னம்பலவாணேசர் ஆலயம் இருக்கின்றது. அத்தகைய கல் மண்டபமொன்றின் உள்ளே நண்பகலில் நின்று வாயிலை நோக்கினால், வெளியே வெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டி, உள்ளே தூணடியிலுள்ள கல்லைப் பார்க்கிலும் ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாயிருத்தல் கூடும். மனிதக் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. தூணைத் தெளிவாகக் காட்டினால் வேட்டி வெறும் வெண்மையாகிவிடும். வேட்டியின் மடிப்பைக் காட்டினால் தூண் கரியாகிவிடும்.

இது புதிய தொல்லையன்று. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து, இரண்டையும் ஒரே தாளிலே பதித்தார். இருட்டறையில் அச்சிடுவோர் தாளின் ஒரு பகுதியைக் கையால் மறைத்தும் மறுபகுதிக்கு ஒளியைக் கூட்டியும் இதே காரியத்தைச் சாதித்தனர். கொழும்பிலே வாழ்ந்து 1944 இல் மறைந்த லயனல் வென்ட், இருட்டறையையும் ஒரு கலைக்கூடமாகவே கருதி உழைத்தவர். கணினி வந்த பின்னர், 1997 இல், போல் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் இருவர், வெவ்வேறு நேர அளவில் எடுத்த பல படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி வேறுபாட்டை மீட்டெடுக்கும் முறையை வெளியிட்டனர். எச்.டி.ஆர். என இன்று வழங்கும் அகன்ற ஒளிவீச்சுப் படங்கள் பரவுவதற்கு அம்முறை பெரிதும் துணையாயிற்று. 2005 ஆம் ஆண்டில் போட்டோஷாப் மென்பொருளிலும் இவ்வாறு படங்களை இணைக்கும் வசதி வந்து சேர்ந்தது.

ஆகவே, ஒளியைப் பதிவு செய்யும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது எனலாம். பதிந்த ஒளியைத் திரையிலே காட்டுவதுதான் இன்றைய சிக்கல்.

வெள்ளவத்தைப் படப்பிடிப்பாளர் ஒருவர், வாயிற்புறம் வெயில் கொளுத்தும் மண்டபத்தில் நடந்த திருமணமொன்றை இம்முறையில் எடுத்தார் என வைத்துக்கொள்ளலாம். காலி வீதியிலுள்ள தமது ஸ்டூடியோவுக்கு வந்து கணினியில் திறந்து பார்க்கிறார். மணமகளின் கூறைச் சேலை மங்கிக் கிடக்கின்றது. வாயிற்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கின்றது. படம் கெட்டுவிட்டதென்றே அவர் எண்ணுகிறார். ஒளியைக் குறைக்கிறார், நிறத்தைக் கூட்டுகிறார், திரையிலே ஓரளவு சீரானதும் நிறத்துக்கு 8 பிட் கொண்ட சாதாரண ஜேபெக் கோப்பாகச் சேமித்து, மூலக் கோப்புகளை அழித்துவிடுகிறார். இங்கேதான் நஷ்டம் நேர்கின்றது. 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. வெண்மையின் எல்லையைத் தாண்டி மூலக் கோப்பில் இருந்த ஒளியெல்லாம் அதில் வெட்டுண்டு போகும். தாலி கட்டிய கணத்தை மீண்டும் நடத்திப் படம் பிடிக்க எவராலும் இயலாது.

உண்மையில் அந்தப் படத்தில் கோளாறு இல்லாதிருக்கலாம். திரை காட்ட மாட்டாததைப் படத்தின் குற்றமாக அவர் கொண்டுவிட்டார்.

இதை எவ்வாறு அறிவது? ஒளிர்வை நிட் என்னும் அலகால் அளப்பர். சாதாரண மேசைத் திரைகள் பல 250 முதல் 350 நிட் வரை ஒளிரும். எச்.டி.ஆர். முறைக்கென 2014 இல் வகுக்கப்பட்ட ஓர் அளவுகோலோ 10,000 நிட் வரை எழுத இடந்தருகின்றது. வீட்டுத் திரைகளிற் பெரும்பாலானவை இவ்வளவையும் காட்ட மாட்டா. கடைகளிலே எச்.டி.ஆர். 400 என்ற முத்திரையுடன் விற்கும் திரைகளின் உச்ச ஒளிர்வு 400 நிட் அளவே. முத்திரையை நம்பிப் பணங்கொடுப்போர் ஏமாற்றமடைவதில் வியப்பில்லை.

திரை தகுதியுடையதாயினும், அதை விழிக்கச் செய்ய வேண்டும். விண்டோஸ் கணினியில் திரைக்குரிய அமைப்புப் பகுதியிலே எச்.டி.ஆர். ஆளி தனியாக உண்டு. அதைப் போட்டவுடன் சாதாரணப் படங்களும் எழுத்துகளும் சாம்பல் பூத்ததுபோலத் தோன்றுவதுண்டு. இதைக் கண்டு பலர் ஆளியை உடனே அணைத்துவிடுகின்றனர். அருகிலேயே சாதாரணப் படங்களின் ஒளிர்வைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியொன்று இருக்கின்றது. அதைச் சிறிது நகர்த்தினால் பெரும்பாலும் போதும். தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகப் பயன்படுத்துவோர், வடம் செருகிய துளைக்குரிய விரிந்த சமிக்ஞை அமைப்பைப் பெட்டியிலும் திறந்துவிட வேண்டியிருக்கலாம்.

மாக்புக் போன்ற மடிக்கணினிகளில் வேறொரு விநோதம் உண்டு. திரையின் பொது ஒளிர்வை முற்றாகக் கூட்டினால் எச்.டி.ஆர். படம் சிறப்பாகத் தெரியுமென்றுதான் எவரும் நினைப்பர். நடப்பது மறுதலையே. சாதாரண வெண்மைக்கும் திரையின் உச்சத்துக்கும் இடையிலுள்ள வெளிதான் இப்படங்களுக்குரிய இடம். பொது ஒளிர்வை உயர்த்த உயர்த்த அந்த வெளி குறுகுகின்றது. காலி வீதி வெயில் விழும் யன்னலோரத்தில் திரையை முழு ஒளியில் வைத்து வேலை செய்பவருக்கு எச்.டி.ஆர். மங்கலாகத் தோன்றுவதன் காரணம் இதுவாயிருக்கலாம். யன்னல் திரையை இழுத்து மூடி, ஒளிர்வைத் தாழ்த்திப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இனி, மென்பொருள். போட்டோஷாப்பில் 32 பிட் படமொன்றைச் சாதாரணத் திரையிலே திறந்தால், அதன் ஒளிவீச்சில் ஒரு துண்டு மாத்திரமே கண்ணுக்குத் தெரியும். சாளரத்தின் அடியிலுள்ள ஒளியளவு நகர்த்தியை அசைத்தால் இருளிலிருந்த தூணும் வெளிப்படும், வெளுத்த வேட்டியின் மடிப்பும் வெளிப்படும். அந்த நகர்த்தி பார்வையை மாற்றுவதே அன்றிப் படத்தை மாற்றுவதில்லை. இவ்வொன்றை அறிந்திருந்தாலே வெள்ளவத்தைப் படப்பிடிப்பாளர் தம் கோப்புகளை அழித்திருக்க மாட்டார். லைட்ரூமிலும் கமரா ரோ பகுதியிலும் எச்.டி.ஆர். திருத்தம் 2023 அக்டோபரில் முழு வசதியாக வந்தது. அங்குள்ள ஒளிப்பரம்பல் வரைபடத்தில் சாதாரண வெண்மைக்கு வலப்புறமாகத் தனிப் பகுதியொன்று தோன்றும். அதிலே மஞ்சட் குறி இத்திரை காட்டக்கூடிய ஒளியையும், சிவப்புக் குறி இத்திரையின் சக்திக்கு மேற்பட்ட ஒளியையும் உணர்த்தும். கண் மயங்கும் இடத்தில் இவ்வரைபடம் மயங்காது. சிவப்பைக் கண்டால் குறை திரையினதே.

ஆயினும், திருமண வீட்டார் கேட்பது ஆல்பமல்லவா? அச்சுத் தாள் தானாக ஒளிர்வதில்லை. தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஆதலால் அகன்ற ஒளிவீச்சைத் தாளின் எல்லைக்குள் அமுக்கித் தனிப்பிரதி ஒன்று தயாரிக்க வேண்டும். மூலக் கோப்பு தொடப்படாமல் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினருக்கு அனுப்புவதற்கு இப்போது மற்றொரு வழி இருக்கின்றது. சாதாரணப் படத்தோடு, எவ்விடத்தில் எவ்வளவு ஒளியைக் கூட்டலாம் என்ற குறிப்பையும் ஒரே ஜேபெக் கோப்பில் பொதிந்து வைக்கும் முறை அது. ஆண்ட்ராய்டு 14 உடன் 2023 இல் கைத்தொலைபேசிகளில் பரவத் தொடங்கிற்று. புதிய தொலைபேசி அக்குறிப்பைப் படித்து வாயில் வெயிலைச் சுடர்விடச் செய்யும். செய்தி அனுப்பும் செயலிகள் சில, படத்தைச் சுருக்கும்போது அக்குறிப்பை உதிர்த்துவிடுவதுண்டு. படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் அது பெரும்பாலும் தப்பும். அதே கோப்பை ரொறன்ரோவிலுள்ள பெரியப்பா தமது பழைய கணினியில் திறப்பாராயின் சாதாரணப் படமே தெரியும். கூறைச் சேலை மங்காது, வாயிலும் சுண்ணாம்பாய் வெளுக்காது. அவர் எதையும் திருத்த வேண்டியதில்லை.