ஊசி மருந்தின் உண்மை விலை



இஞ்சினியர் வந்து மருந்தைப் பத்திப் பேசறானேன்னு பார்க்காதீங்க. போன வருஷம் என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். அப்படியும் புண்ணில் சீழ் வைத்தது. கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. வழக்கமான மருந்து எதுவும் அந்தக் கிருமிக்குக் கேட்காதாம். மெரோபெனம் ஊசியோடு மேலும் பத்து நாள் படுக்கை. ஆபரேஷன் செலவை மருந்துச் செலவு மிஞ்சிவிட்டது.

நம்ம கோவையில் மோட்டார் ஓடலைன்னா, எது பழுதுன்னு பார்க்காமல் எல்லாப் பார்ட்ஸையும் மாத்துவோமா? மருந்தில் மட்டும் அப்படித்தான் செய்கிறோம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. ஆனாலும் எழுதுகிறார்கள், நாமும் விழுங்குகிறோம். ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்காக அதை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. மருந்துக்குத் தப்பிய கிருமி அடுத்த கட்டிலுக்கும் போகும். அந்தச் செலவு நம்ம பில்லில் வராதுங்க.

2012-ல் நம் நாட்டு மருத்துவர்கள் 'சென்னைப் பிரகடனம்' மூலம் எச்சரித்தார்கள். முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் பல அடங்கிய எச்-1 அட்டவணை மருந்துகளுக்குக் கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அது கடைக்கு. கட்டிலருகே நாம்தான் கேட்க வேண்டும்: "டாக்டர், கல்ச்சர் எடுத்தாச்சுங்களா? இந்த ஊசி எதுக்குங்க, எத்தனை நாளைக்குங்க?"

அப்பாவுக்காக நான் அதைக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.