நீரை ஏற்காத மண்

பண்டத்தரிப்புக் கமக்காரர்களே,

இறைத்த பாத்தியைச் சற்றுக் கிளறிப் பாருங்கள். மேலே ஈரமும் கீழே புழுதியுமாயின், மண் நீரை ஏற்கவில்லையென ஐயுறுங்கள். உக்கிய இலைகுழையின் மெழுகு மணற்றுணிக்கைகளைப் போர்த்து, கோடையிற் காய்வதே இதற்குக் காரணம். மணற்பாங்கான தறைகளில் இது கூடுதலாக நேரும்.

உலர்ந்த மண்ணில் ஒரு துளி நீர் விடுங்கள். 5 விநாடிக்கு மேல் முத்தாக நின்றால் ஐயம் தீர்ந்தது. அங்கே மேன்மேலும் இறைப்பது வீண். நீர் சில வழிகளால் மாத்திரம் விரைந்திறங்கி, வேரை நனையாது விட்டு, இட்ட உரத்தின் நைத்திரேற்றைச் சுண்ணக்கற் பாறையூடே கிணற்றுக்குக் கொண்டுசெல்லும். நாம் குடிப்பதும் அந்நீரே!

சிறிது சிறிதாக இறையுங்கள், மூடாக்கிடுங்கள். தென் அவுஸ்திரேலியக் கமக்காரர் இத்தகைய மணலிற் களிமண் கலந்து பயன் கண்டனர். குழை தாழ்ப்பதை மட்டும் இதற்கஞ்சி நிறுத்திவிடாதீர்கள். தாழ்த்த பாத்தி முற்றாகக் காயாதிருத்தலே வேண்டுவது.