மொட்டை மாடிக் காராமணிக்கு ஒரு பொட்டலம்



சென்னைப் புறநகரில் முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர் பக்கம் மாடித்தோட்டம் போட்டவர்களிடம் ஒரு புலம்பல் கேட்கிறது. "காராமணிக்கு உரமே வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஒரு மாசத்துக்குள் இலையெல்லாம் வெளுத்துப்போச்சு." சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொன்னார்கள்.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஆனால் எந்தச் செடியாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதன் இரண்டு அணுக்கள் அவ்வளவு இறுகப் பிணைந்து கிடக்கின்றன. அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியாவாக்கத்தான் உரத் தொழிற்சாலைகளில் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் கொடுக்கிறார்கள். நம் வடசென்னை மணலியில் இருந்து 1971 முதல் வரும் யூரியாவும் இந்த வழியில் வந்ததுதான். அதே வேலையைக் காராமணி வேரில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா, சாதாரண மண்ணின் சூட்டிலேயே முடித்துவிடுகிறது. 1888இல் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இந்த உண்மையை நிறுவினார்கள். நம் விவசாயிகளோ அதற்கு வெகுகாலம் முன்பே பயறு போட்ட வயலில் அடுத்த பயிர் தெளிவாக வருவதைக் கண்டு வைத்திருந்தார்கள்.

பயறுச்செடியின் வேர் ஒரு ரசாயனத்தை மண்ணில் கசியவிடும். அதை உணர்ந்த பாக்டீரியா தானும் ஒரு பொருளைச் சுரந்து பதில் சொல்லும். உடனே மெல்லிய வேர்த்தூவி கொக்கிபோல் வளைந்து, பாக்டீரியாவை உள்ளே விட்டுக்கொள்ளும். அங்கே ஒரு முடிச்சு பருக்கும். செடி சர்க்கரை கொடுக்கிறது. பாக்டீரியா நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை, கொடுக்கிறது. இலவசம் என்று நினைக்காதீர்கள். ஒளிச்சேர்க்கையில் ஈட்டியதில் கணிசமான பங்கைச் செடி இதற்குச் செலவழிக்கிறது.

செடி பூவெடுக்கும் சமயத்தில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். கடுகளவில் இருந்து மிளகளவு வரை உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் பொருளால் வருவதுதான் அந்த நிறம். நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு ஆக்ஸிஜன் ஆகவே ஆகாது. பாக்டீரியா உயிர்வாழவோ ஆக்ஸிஜன் வேண்டும். அளந்து அளந்து கொண்டுபோய்க் கொடுப்பது இந்தச் சிவப்புப் பொருளின் வேலை. உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் முற்றவில்லை, அல்லது உருப்படாத பாக்டீரியா குடிவந்திருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் காலம் முடிந்துவிட்டது. விரலால் தொட்டால் உதிராமல், வேரே வீங்கினாற்போல் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல செடியைத் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பயறுக் குடும்பம் என்றாலே முடிச்சு இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். புளியமரம், சரக்கொன்றை, ஆவாரை, மயில்கொன்றை எல்லாம் அதே குடும்பம். அவற்றின் வேரில் முடிச்சு கிடையாது. புங்கனுக்கு உண்டு, அகத்திக்கு உண்டு, தூங்குமூஞ்சி மரத்துக்கும் உண்டு. குடும்பத்துக்கே சம்பந்தமில்லாத, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துச் சவுக்கு மட்டும் ஃபிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிரோடு கூட்டு வைத்து, வெறும் மணலில் நிமிர்ந்து நிற்கிறது.

மாடிக்கு வருவோம். பையில் நாம் நிரப்புவது தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும். பயறே விளைந்திராத அந்தக் கலவையில் காராமணிக்கு ஏற்ற ரைசோபியம் எங்கிருந்து வரும்? கூட்டாளியே இல்லாத இடத்தில் விதையைப் போட்டுவிட்டுச் செடியைக் குறை சொல்கிறோம். வேளாண்மை விரிவாக்க மையங்களில் ரைசோபியம் உயிர் உரம் கிடைக்கும். பயறுக்குத் தனி, நிலக்கடலைக்குத் தனி. மேலட்டையைப் படித்து வாங்குங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள், உள்ளே இருப்பது உயிர். ஆறிய அரிசிக் கஞ்சியில் கொஞ்சம் தூளைக் குழைத்து, விதைமேல் பூச்சுபோல் ஒட்டும்படி புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதையுங்கள். வெயிலில் காயவைத்தால் எல்லாம் வீண். பூஞ்சைக்கொல்லி தடவி வண்ணமேற்றிய கடை விதையும் இதற்கு உதவாது.

அப்புறம் யூரியா. இலை கொஞ்சம் வெளுத்ததும் கைப்பிடி யூரியாவை அள்ளிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். கையில் தழைச்சத்து தாராளமாக வந்தால் செடி எதற்குச் சர்க்கரையைச் செலவழிக்கும்? முடிச்சு வைப்பதையே குறைத்துவிடும். விதைக்கும் முன்பு நன்றாக மக்கிய எருவும் கொஞ்சம் மணிச்சத்தும் போதும் என்பது என் கட்சி.

இன்னொன்று. செடி சேர்த்த தழைச்சத்தில் பெரும்பங்கு காயோடு நம் சமையலறைக்கு வந்துவிடுகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் இலையும்தான். அதனால் காய்ப்பு முடிந்ததும் கொடியை வேரோடு பிடுங்காதீர்கள். மண்மட்டத்தில் கத்தரியால் வெட்டி, வேரைப் பையிலேயே விட்டுவிடுங்கள். வெட்டிய கொடியையும் நறுக்கி மேலே போட்டு மூடி, பதினைந்து இருபது நாள் கழித்து அதே பையில் கத்தரி நாற்றையோ கீரையையோ வையுங்கள்.