கைப்பேசி தாய்வீடு திரும்பும் வழி

விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தன் விருப்பம்போலத் திருத்திக்கொள்ளும் ஆசை மனிதனுக்கு இயல்பானது. வீட்டை வாங்கியவன் சன்னலை மாற்றுகின்றான். சைக்கிளை வாங்கியவன் கைபிடியை வளைக்கின்றான். கைப்பேசியை வாங்கியவர்களிற் சிலரோ அதனுள்ளிருக்கும் மென்பொருளையே களைந்துவிட்டு வேறொன்றை அவ்விடத்தில் இருத்துகின்றனர். அவ்வாறு மாற்றப்பட்ட கைப்பேசியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீண்டும் கொணர்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இவ்வழக்கம் அன்ட்ரொயிட் கைப்பேசியோடு கூடப்பிறந்தது எனலாம். முதலாவது அன்ட்ரொயிட் கைப்பேசியாகிய ஜி-1, 2008 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே ஸ்ரீவ் கொண்டிக் என்பவர் அதற்கென மாற்று மென்பொருளொன்றை ஆக்கி, சயனொஜென்மொட் என்னும் பெயரில் வெளியிட்டார். 2016 ஆம் ஆண்டின் இறுதியில் அது நின்றுபோகவே, தொண்டர்கள் பலர் லினியேஜ் ஓ.எஸ். என்னும் பெயரில் அப்பணியைத் தொடர்ந்தனர். கம்பனி கைகழுவிவிட்ட பழைய கைப்பேசிக்கு இத்தகைய மென்பொருளினாலே இன்னுஞ் சில ஆண்டு ஆயுள் கிடைக்கின்றது. ஆகவே, மென்பொருளை மாற்றுகிறவரெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகள் என எண்ணுதல் தவறு.

அவ்வாறாயின், ஏன் திரும்பவேண்டும்? பெரும்பாலும் வங்கியே காரணமாகின்றது. வங்கிச் செயலிகள் பல, கைப்பேசியின் காப்பு கலைக்கப்பட்டுள்ளதா என்பதை உசாவி, கலைக்கப்பட்டிருப்பின் வேலைசெய்ய மறுக்கின்றன. நேற்றுவரை கையிலிருந்தபடியே பணம் அனுப்பிய ஒருவர், இன்று அதே கைப்பேசியுடன் வங்கி வாயிலிலே வரிசையில் நிற்க நேர்கின்றது. கைப்பேசியை விற்க நினைப்பவருக்கும், பழுதுபார்க்கக் கொடுப்பவருக்கும் இதே தேவை எழுகின்றது.

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. கைப்பேசியின் அமைப்புப் பகுதியிலே, தொழிற்சாலை நிலைக்கு மீட்டல் என்று பொருள்படும் கட்டளை காணப்படும். அதனை அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என நம்புகின்றனர். அக்கட்டளை அழிப்பது உரிமையாளரின் படங்களையும் கடிதங்களையும் செயலிகளையுமேயன்றி, அடியிலுள்ள மென்பொருளை அன்று. வீட்டுத் தளபாடங்களை வெளியே எறிந்துவிட்டால் மாற்றிக் கட்டிய சுவர் பழைய சுவராகிவிடுமா? மாற்று மென்பொருள் இருந்தபடியே இருக்கும். படங்கள் மட்டும் போய்விடும்.

மெய்யான வழியை விளங்கிக்கொள்வதற்குக் கைப்பேசி கண்விழிக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். மின்விசையை அழுத்தியதும் முதலில் எழுந்திருப்பது பூட்லோடர் என்னும் சிறு நிரல். அது வாயிற்காவலனைப் போன்றது. உள்ளேயிருக்கும் மென்பொருள் உரிய கையொப்பத்தோடு கூடியதா என ஆராய்ந்த பின்னரே அதனை இயங்கவிடும். மென்பொருளை மாற்ற விரும்புகிறவர் முதலிற் செய்வது இக்காவலனின் பூட்டைத் திறத்தலேயாகும். திறக்கும்போது உள்ளிருக்கும் தரவு முழுவதும் அழிக்கப்படும். பிறர் கைப்பேசியைத் திருடியவன் பூட்டைத் திறந்து உள்ளேயிருப்பதைப் படித்துவிடலாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. திரும்பப் பூட்டும்போதும் அவ்வாறே அழியும். ஆதலின், பிள்ளையின் முதற்படமோ, இறந்துபோன தாயின் குரலோ கைப்பேசியில் இருக்குமாயின், அதனை வேறிடத்தில் படியெடுத்து வைத்து, அந்தப் படி திறக்கின்றதா என்பதையும் பார்த்த பின்னரே மேற்கொண்டு எதனையும் தொடுதல் வேண்டும். கூகுள் கணக்கின் பெயரும் மறைச்சொல்லும் நினைவில் உள்ளனவா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்வது நன்று. அழித்து எழுந்த கைப்பேசி முன்னைய கணக்கைக் கேட்டு மறித்து நிற்பதுண்டு.

கூகுள் நிறுவனத்தின் பிக்சல் கைப்பேசியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் ஒவ்வொரு மொடலுக்கும் உரிய மூல மென்பொருளை அந்நிறுவனமே இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. மொடலுக்கு மொடல் கோப்பு வேறு. பிக்சல் 6 இன் கோப்பு ஓரியோல் என்றும், பிக்சல் 6 புரோவின் கோப்பு ரேவன் என்றும் பறவைப் பெயர் தாங்கியவை. ஒன்றின் கோப்பை மற்றொன்றில் ஏற்றலாகாது. கோப்பு மிகப் பெரிதாகையால் இறக்கும்போது இடையிற் சிதைந்திருக்கவுங் கூடும். அதனைக் கண்டுகொள்வதற்கென 64 எழுத்துக் கொண்ட சரிபார்ப்புக் குறியொன்று கோப்பின் அருகே தரப்பட்டிருக்கும். கணினியிலே கோப்பின் குறியைக் கணித்து இரண்டையும் ஒப்புநோக்குதல் ஒரு நிமிட வேலை.

பின்பு, கைப்பேசியைப் பாஸ்ட்பூட் நிலையிலே எழுப்பி, யூ.எஸ்.பி. கம்பியாற் கணினியோடு இணைத்து, கோப்போடு வரும் கட்டளைத் தொடரை இயக்கவேண்டும். காவலன், வானலைப் பகுதி, முதன்மை மென்பொருள் என்பன ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். கைப்பேசி நடுவே தானாக அணைந்து எழும். அதுகண்டு கம்பியைப் பிடுங்கியவர்கள் உளர். பற்றரியில் போதிய மின் இருத்தல் வேண்டும். கம்பியும் நல்லதாக இருத்தல் வேண்டும்; மின்னேற்ற மட்டும் உதவும் மலிவான கம்பியை மாட்டிவிட்டு, கணினி கைப்பேசியைக் காணவில்லையே என்று அரைநாள் அலைந்தவர் கதை ஒன்றிரண்டன்று.

ஒரு பகுதியை மட்டும் எவரும் கைவைத்து அழித்தலாகாது. கைப்பேசியின் 15 இலக்க அடையாள எண்ணும், வானலைச் சீரமைப்பு விவரங்களும் அந்தந்தக் கைப்பேசிக்கே உரியன. இணையத்தில் கிடைக்கும் மூலக் கோப்பிலே அவை இருப்பதில்லை. ஆகவே, அவற்றை இழந்த கைப்பேசிக்கு எத்தனை முறை மென்பொருளை ஏற்றினாலும் அழைப்பு வாராது. ‘எல்லாவற்றையும் துடைத்துவிடு’ என்று தாராளமாகப் புத்திசொல்பவர்கள் இதனை எண்ணுவதில்லை.

இனி, பூட்டுதல். பேராபத்து இருப்பது இங்கேதான். மூல மென்பொருளை முழுமையாக ஏற்றி, கைப்பேசி ஒருமுறை நன்றாக எழுந்து நிற்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே காவலனைப் பூட்டுதல் வேண்டும். மாற்று மென்பொருளின் ஒரு துண்டு எஞ்சியிருக்கும்போதே பூட்டினால், காவலன் கையொப்பம் பொருந்தவில்லை என்று கூறிக் கைப்பேசியை எழவிடமாட்டான். மறுபடி பூட்டைத் திறப்பதற்கு அமைப்புப் பகுதியில் அனுமதி கொடுத்திருக்கவேண்டும். அமைப்புப் பகுதிக்குச் செல்லவோ கைப்பேசி எழவேண்டும். சாவியைப் பெட்டியினுள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை அது. மேலும், கிரபீன் ஓ.எஸ். போன்று தன் சொந்தத் திறவுகோலைப் பதித்துவைக்கும் மென்பொருளைப் பயன்படுத்தியவர், பூட்டுவதற்கு முன்னர் அத்திறவுகோலையும் நீக்கிவிடுதல் முறை.

திரும்பும்போது எந்தப் பதிப்புக்குத் திரும்புவது என்பதும் ஒரு கேள்வி. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அன்ட்ரொயிட் 13 வெளிவந்தபோது, பிக்சல் 6 வரிசைக் கைப்பேசிகளின் காவலன் மாற்றியமைக்கப்பட்டது. அதனை ஒருமுறை ஏற்றிய கைப்பேசி, 12 ஆம் பதிப்பின் பழைய காவலனை ஏற்க மறுத்துவிடும். பழைய காவலனிற் கண்ட குறையொன்றின் வழியே எவரும் மீண்டும் நுழையாதிருத்தற்காகச் செய்த தடை அது. ஆகவே, வாங்கிய நாளில் இருந்த அதே பதிப்புத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தலாற் பயனில்லை. கிடைப்பவற்றுள் அண்மையானதே ஏற்றது.

சம்சுங் கைப்பேசியின் செய்தி சற்றுத் துயரமானது. அதற்கும் மூல மென்பொருள் உண்டு; ஒடின் என்னுஞ் செயனிரலால் ஏற்றவும் முடியும். ஆயினும், 2013 ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் நொக்ஸ் என்னும் காப்பு முறையின் ஓர் அங்கமாகக் கைப்பேசியின் சில்லினுள்ளே நுண்ணிய மின்னுருகி ஒன்றை வைத்துவருகின்றது. அந்நிய மென்பொருள் ஏறியதும் அது எரிந்துவிடும். 0 என்றிருந்த குறி 1 ஆகிவிடும். எரிந்த உருகி மீள்வதில்லை. மென்பொருள் முற்றிலும் பழையபடி ஆகியும், நிறுவனத்தின் பணம் செலுத்தும் வசதியும் பூட்டிய கோப்புறையும் அக்கைப்பேசியில் இயங்கமாட்டா. பழைய சம்சுங் கைப்பேசியை விலைபேசுகின்றவர் அதனை இறக்க நிலையில் எழுப்பி, திரையின் மூலையில் அந்தக் குறி 0 ஆக நிற்கின்றதா, 1 ஆக நிற்கின்றதா என்று பார்த்த பின்னர் பணத்தை எண்ணலாம்.