குறிமுள்ளில் நிற்கட்டும் கண்



ஏர் பிஸ்டல் சுடுகிறவர் இலக்கையே உற்று நோக்குவார் என்று நினைக்கிறீர்களா? அப்படியன்று. 10 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. ஒற்றைக் கையில் நீட்டிய துப்பாக்கி எவருக்கும் ஆடவே செய்யும். ஆகவே தேர்ந்தவர், குழல் நுனியிலுள்ள குறிமுள்ளில் கண்ணை நிறுத்துகிறார்; இலக்கு மங்கலாய்த் தெரிந்தால் போதும். ஆட்டம் அடங்கிய கணத்தைப் பிடிக்க விசையை வெடுக்கென்று இழுப்பவருக்கே குண்டு விலகும். கை சிறிது ஆடினாலும் மெல்ல, சீராக அழுத்துகிறவருக்கு அவ்வளவு விலகாது. சில விநாடிக்குள் மனம் ஒப்பவில்லையெனில், சுடாமல் கையை இறக்கிவிட வேண்டும். சுடுவதைவிட இதற்கே துணிவு அதிகம் வேண்டும் என்பேன்!

ஒரு குண்டு போனால் போனதுதான். அதன் புள்ளியை அடுத்த குண்டுக்குச் சுமக்கலாகாது. மனு பாக்கரைப் பாருங்கள். 2021இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே அவர் துப்பாக்கி பழுதாயிற்று; 2 புள்ளியில் இறுதிச் சுற்றை இழந்தார். 2024இல் பாரிசில் 221.7 புள்ளியுடன் வெண்கலம் வென்றார். வெள்ளிக்கான வாய்ப்பு நழுவியதோ வெறும் 0.1 புள்ளியில்! மறுநாளே மீண்டும் சுடுதளத்தில் நின்றார். அதற்கடுத்த நாள் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணிப் போட்டியில் இன்னொரு வெண்கலம்.