பிரெஞ்சு நகரில் எங்கள் மணநாள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பயண அனுபவம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எங்களுக்கு மணமாகி 20 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, நானும் என் மனைவியும் புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து காரைக்காலையும் கண்டு வந்தோம். பிரெஞ்சு மொழி வழங்கும் பழம்பெரு நகரங்களைக் காணச் செல்வர்கள் கடல் கடந்து போகிறார்கள். நமக்கு அத்தொல்லை இல்லை. சித்தூரிலிருந்து காட்பாடி சென்று, வேலூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் அடைந்தால், அங்கிருந்து 1879ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்ட இருப்புப்பாதை நம்மைப் புதுச்சேரியில் கொண்டு சேர்க்கும்.

நம் சீமைக்கும் அந்நகருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1740 மே மாதத்தில், நம் பாகாலாவுக்கு அருகிலுள்ள தாமலசெருவுக் கணவாயில், ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலிகான் மராட்டியரோடு பொருது மாண்டார். அவர் குடும்பத்துப் பெண்டிர் அடைக்கலம் தேடிச் சென்ற இடம் புதுச்சேரியே. கவர்னர் துய்மா அவர்களை ஏற்றுக் காத்தார். மராட்டியர் மிரட்டியபோதும் விட்டுக்கொடுக்கவில்லை.

நகரை ஒரு கால்வாய் இரண்டாகப் பிரிக்கின்றது. கடலோரப் பக்கம் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வீதிகள். அங்கே உயர்ந்த மதில்களுக்குள்ளே தோட்டமும் மாளிகையும் மறைந்திருக்கின்றன. மேற்குப் பக்கம் தமிழர் வீதிகள். அங்கே திண்ணையும் தாழ்வாரமும் வழிப்போக்கனுக்கும் நிழல் தருமாறு வெளிநோக்கி அமைந்துள்ளன.

தமிழர் பகுதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் இல்லம் இன்றும் நிற்கின்றது. அவர் 1709இல் பிறந்தவர். கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கியவர். பிரெஞ்சுக்காரரோடே பொழுது முழுவதும் பழகியவர், 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். அக்கால அரசியலை ஆராய்வோருக்கு இன்றும் அது பெருந்துணை. தமிழ்ப் புலவர்களை ஆதரித்த அவர், தெலுங்குப் புலவர்களையும் ஆதரித்தார். கஸ்தூரி ரங்ககவி இயற்றிய தெலுங்கு யாப்பு நூலொன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. தன் மொழியைக் காத்தவர் பிற மொழியைப் பகைக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்ததும், பாரதிதாசனார் 1891இல் பிறந்ததும் அந்நகரில்தான். பிரெஞ்சு அரசாங்கத்தின் பள்ளிகளிலே தமிழாசிரியராகப் பணிபுரிந்தவர் பாரதிதாசனார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, என் மனைவியின் இசைவுடன் ஒன்று சொல்கிறேன். அவள் சித்தூரிலேயே பிறந்து, தெலுங்குப் பள்ளியில் 10ஆம் வகுப்புவரை படித்தவள். தமிழ் இனிதாகப் பேசுவாள். ஆனால் படிக்க அறியாள். கடலோர வீதிகளில் பெயர்ப் பலகைகள் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதப்பெற்றுள்ளன. துய்மா வீதியிலே அப்படியொரு பலகையின் முன் நெடுநேரம் நின்றவள், "ஒன்று பிரெஞ்சு, ஒன்று தமிழ் என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதானே!" என்றாள். நகைத்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கோ நகைப்பு வரவில்லை. எங்கள் பிள்ளைகளும் அந்நிலையிலேதான் வளர்கிறார்கள்.

அன்பர்களே! 1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி முழுமை பெற்றது. அந்நியராட்சி நீங்கியும் பிரெஞ்சு மொழியை அவ்வூரார் விரட்டிவிடவில்லை. 1826இல் தோன்றிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. ஏறக்குறைய 280 ஆண்டுகள் வேற்றுமொழி ஆட்சியிலே இருந்தும் தமிழ் அங்கே அழியவில்லை. பேச்சில் மட்டுமன்றி, ஏட்டிலும் கணக்கிலும் பள்ளியிலும் அதனை வைத்திருந்தார்கள்.

நாம் வாழ்வது தெலுங்கு நாடு. தெலுங்கு நமக்குச் சோறிடும் மொழி; அதனை நம் பிள்ளைகள் பிழையறக் கற்க வேண்டும். ஆயினும் வீட்டுமொழி வாய்மொழியாக மட்டும் நின்றுவிட்டால், பாட்டி எழுதிய கடிதத்தைப் பேத்தி படிக்க இயலாது. கடிதம் மட்டுமா? இந்த ஆண்டு மலரையே படிக்க நம் இல்லங்களில் எத்தனை பேரால் இயலும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இச்சங்கக் கூடத்திலே தமிழ் எழுத்து வகுப்பு நடத்தச் செயற்குழுவினரை வேண்டுகிறேன். கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். குழந்தைகளோடு தாய்மார்களும் வரலாம். முதல் மாணவியாக என் மனைவி பெயர் கொடுத்திருக்கிறாள். இப்போது உயிர்மெய் எழுத்துகளில் இருக்கிறாள். அவளுக்குத் துணையாக வந்து அமர்வோர் பலராகுக என வேண்டுகிறேன்.