தீக்குழம்பின் மாற்றங்கள்



இராயகிரியில் நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். அம்மலை முன்னொரு காலத்தில் எரிமலையாக இருந்ததோ என்று சிறுவர் கேட்பதுண்டு. அன்று, நிலத்தின் அடியாழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சார்னோகைட், நைஸ் முதலிய பழம்பாறைகளால் ஆயது அது. நெருப்பு உமிழும் மலையை நம் நாட்டிலேயே காண விரும்புவோர் வங்கக் கடலைக் கடந்து அந்தமானுக்குச் செல்லவேண்டும்.

போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு இருக்கிறது. 1787ஆம் ஆண்டு முதல் அதன் சீற்றங்கள் குறித்துவைக்கப்பட்டுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடங்கிய அது, 1991இல் மீண்டும் விழித்தது. அதன் பின்னரும் பலமுறை சீறியிருக்கிறது. அதற்கு வடக்கே நார்கொண்டம் என்னும் மற்றோர் எரிமலைத் தீவு உறங்குகிறது. இரண்டும் ஒரே எரிமலை வரிசையைச் சேர்ந்தவை. ஆயினும் பாரன் தீவின் கல் பெரும்பாலும் கரிய பசால்ட்டு. நார்கொண்டத்தின் கல் வெளிறிய ஆண்டசைட்டும் டேசைட்டும். உடன்பிறந்த இரு தீவுகளில் கல் வேறுபடுவானேன்?

விடை காண நிலத்தின் கீழே செல்வோம். அங்கே இந்தியப் பெருந்தகடு கிழக்கு நோக்கி அமிழ்ந்துகொண்டிருக்கிறது. கடலடியில் நெடுங்காலம் கிடந்த அத்தகட்டின் கனிமங்களில் நீர் அடங்கியிருக்கிறது. ஆழத்தில் அந்நீர் வெளிப்பட்டு, மேலேயுள்ள சூடான பாறையிற் புகுகிறது. நீர் புகுந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அவ்வாறு பிறக்கும் குழம்பு சுற்றியுள்ள பாறையினும் இலேசானது, ஆதலின் மேலெழுகிறது.

எழும் வழியில் அது குளிர்கிறது. குளிரும்போது படிகங்கள் தோன்றுகின்றன. இதனை விளக்கத் தூத்துக்குடி உப்பளமே போதும். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது எல்லா உப்பும் ஒருங்கே படிவதில்லை. ஜிப்சம் முன்னதாகப் படியும். அடுத்து நாம் உண்ணும் உப்பு. எஞ்சுவது மக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீர். ஒன்று விலக விலக, எஞ்சிய நீரின் இயல்பே மாறிவிடுகிறது அல்லவா? தீக்குழம்பின் கதையும் அஃதே.

பசால்ட்டுக் குழம்பில் சிலிக்கா நூற்றுக்குச் சுமார் 50 பங்கு. முதலில் உருவாகும் ஆலிவின் படிகத்தில் சிலிக்கா 40 பங்கே, மக்னீசியமோ மிகுதி. அப்படிகம் கனத்தால் கீழே தங்கினால், எஞ்சிய குழம்பில் மக்னீசியம் குறையும், சிலிக்கா உயரும். பின்னர்ப் பைராக்சினும் சுண்ணச்சத்து நிறைந்த பெல்ஸ்பாரும் பிரியும். சிலிக்கா 60 பங்கை எட்டும்போது ஆண்டசைட்டு; மேலும் உயர்ந்தால் டேசைட்டு; 70ஐக் கடந்தால் ரையோலைட்டு. இவ்வொழுங்கை ஆய்வுக்கூட உலைகளில் கண்டறிந்து 1922இல் வெளியிட்டவர் கனடா நாட்டில் பிறந்த நார்மன் போவன் என்னும் அறிஞர்.

ஆனால் படிகம் பிரிதல் ஒன்றே முழு விடையன்று. குழம்பு தான் செல்லும் வழியிலுள்ள பாறையை உருக்கித் தன்னுட் சேர்த்துக்கொள்வதும் உண்டு. புதிய குழம்பு பழையதோடு கலப்பதும் உண்டு. பெல்ஸ்பார்ப் படிகத்தை மெல்லிதாகச் சீவி நுண்பெருக்கியில் நோக்கினால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற அடுக்குகள் தெரியும். குழம்பு பட்ட மாற்றங்களை அவ்வடுக்குகளே எழுதிவைத்திருக்கின்றன.

இனி, நீரின் வேலையைக் காண்போம். அமிழும் தகட்டின்மேல் பிறக்கும் குழம்பில் நீர் மிகுதி. ஆக்சிஜனின் வினையும் மிகுதி. அதனால் இரும்பைக் கொண்ட மாக்னடைட்டு விரைவிலேயே படிகமாகிறது. குழம்பில் இரும்பு பெருகாமல் குறைகிறது. முதற்படிகங்கள் நீரை ஏற்பதில்லை; ஆகவே எஞ்சிய குழம்பில் நீர் திரள்கிறது. பிற்பாடு ஹார்ன்பிளண்டு என்னும் கனிமம் அந்நீரிற் சிறிதைப் பெற்றுக்கொள்கிறது. நார்கொண்டத்துக் கற்களில் அதனைக் காணலாம். குழம்பு மேற்பரப்பை நெருங்க அழுத்தம் தளர்கிறது. நீராவி குமிழிகளாய்ப் பிரிகிறது. நீரை இழந்த குழம்பு, வெப்பம் குறையாமலே படிகமாகத் தொடங்குகிறது. ஏறுவதே உறைவதற்குக் காரணமாகும் விந்தை இது!

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். உயிர்களின் நலமே இதில் அடங்கியுள்ளது. சிலிக்கா குறைந்த குழம்பு இளகி ஓடும். அதன் குமிழிகள் எளிதில் வெளியேறும். சிலிக்கா மிகுந்ததோ களிபோல் இறுகும். அடைபட்ட ஆவி, கோலி விலகிய சோடாப் புட்டிபோல் ஒரே வீச்சில் வெடிக்கும். இதே வரிசையின் தெற்கே, சுமத்திராவில், ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா எரிமலை வெடித்தது. அதன் குழம்பில் சிலிக்கா 70 பங்குக்கு மேல். அச்சாம்பல் கடல் கடந்து வந்து, ஆந்திரத்து ஜுவாலாபுரத்தில் இன்றும் மண்ணடுக்காய்க் கிடக்கிறது. எனவே ஒரு மலை உமிழ்ந்த கல்லைச் சோதிப்பது, அம்மலையின் குணத்தை முன்னறிய ஒரு வழியாகும்.

மாணவர்களே! கல்லை உயிரற்றது என்கிறோம். அதற்கும் பிறப்பும் பயணமும் மாற்றமும் உண்டு. அடுத்த முறை வழியில் ஒரு கல்லைக் கையிலெடுத்தால், அதன் படிகங்களை ஒரு கணம் உற்று நோக்குங்கள். எது முதலில் பிரிந்தது, எது எஞ்சியது என்று கேளுங்கள். அக்கேள்வியிலேதான் நிலநூல் தொடங்குகிறது.